பூனைக்கு மணி கட்டுவது யார்?

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி மாலை, குடியரசுத் தலைவர் மாளிகையின் முற்றத்தில் புதிய மத்திய அமைச்சரவை பதவியேற்றுக் கொண்டிருந்தது. அமைச்சர் ஒருவர் உறுதிமொழி ஏற்றபின் பதிவேட்டில் கையெழுத்திட்டபோது, மேடைக்குப் பின்னால் மாளிகையின் உட்புறத்தில் நான்கு கால் பிராணி ஒன்று நிதானமாக நடந்து போனது. நேரடி ஒளிபரப்பில் அக்காட்சியைக் கண்ட பலர் சிறுத்தை என்றனர். மறுநாள் தில்லி காவல்துறை விளக்கம் அளித்தது. ஒளிப்பதிவில் தெரிந்தது காட்டு விலங்கு அல்ல, சாதாரண வீட்டுப் பூனைதான் என்பதே அந்த விளக்கம்.

நாடே சிரித்து மறந்த செய்தி அது. ஆனால், அந்தப் பூனையின் இனம் தலைநகர வட்டாரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறொரு வகையில் பேசுபொருளாகியிருக்கிறது. நாயை வெளியே அழைத்துச் செல்ல நேரமில்லாதவர்களும், சிறிய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களும் பூனை வளர்க்கின்றனர். பூனை இரவில் கத்துகிறது, சோபாவைக் கிழிக்கிறது, படுக்கையில் சிறுநீர் கழிக்கிறது, பால்கனிச் சுவரில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி இப்போது விற்பனைக்கு உள்ளது. சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் ரூபாய் வரை விலை. வாங்கிய கருவி பயன்படாதபோது, பழி பூனையின் மீது விழுகிறது. அதற்கடுத்த கட்டம், பூனையைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது.

விலங்குத் தொல்லைக்கு உபாயம் தேடுவது தலைநகருக்குப் புதிதல்ல. நாடாளுமன்ற வளாகத்துக் குரங்குகளை விரட்ட, கருங்குரங்கைப் போலக் குரல் எழுப்பப் பயிற்சி பெற்ற 40 பேர் பணியமர்த்தப்பட்டிருப்பதாக 2014 ஜூலையில் அன்றைய நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் வெங்கய்ய நாயுடு மாநிலங்களவையில் தெரிவித்தார். 2018-ஆம் ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடருக்கு முன், குரங்குகளை நேருக்கு நேர் பார்க்க வேண்டாம் என்று உறுப்பினர்களுக்கும் ஊழியர்களுக்கும் அறிவுரை வழங்கப்பட்டது. 2023-இல் ஜி-20 மாநாட்டின்போது கருங்குரங்கின் உருவப் பலகைகள் சாலையோரங்களில் வைக்கப்பட்டன. அரசே இவ்வளவு பாடுபடும்போது, வாடகை வீட்டில் பூனையோடு போராடுபவர் இணையக் கடையில் கருவி தேடுவதில் வியப்பில்லை.

கணக்கில் வராத பிராணி

இந்தியாவில் எத்தனை வீட்டுப் பூனைகள் இருக்கின்றன? அரசின் கால்நடைக் கணக்கெடுப்பில் இதற்கு விடை கிடையாது. 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபர் 25-இல் தில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. பசு, எருமை, மிதுன், யாக், செம்மறியாடு, வெள்ளாடு, பன்றி, ஒட்டகம், குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை, நாய், முயல், யானை ஆகிய 15 இனங்கள் அதில் இடம் பெற்றன. கோழி இனங்கள் தனி. அரிதான யாக்கும் மிதுனும் உண்டு, முயலும் உண்டு, பூனை இல்லை.

எண்ணப்படாத ஒன்றுக்குத் திட்டமும் இராது என்பது நிர்வாகத்தின் இயல்பு. தெருநாய் குறித்து உச்ச நீதிமன்றம் முதல் ஊராட்சி வரை விவாதம் நடக்கிறது. வீட்டுப் பூனை அந்த விவாதங்களின் ஓரத்தில்கூட இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் சந்தை நிரப்புகிறது.

கருவிகள் என்ன செய்யும்?

முதலாவது, நேரம் குறித்து வைத்தால் தானே தீனி போடும் பெட்டி. விடியற்காலை நான்கு மணிக்கு முகத்தில் அடித்து எழுப்பும் பூனைக்கு இது ஓரளவு நல்ல மாற்று. பூனை இயல்பாகவே அந்திப்பொழுதிலும் விடியலிலும் விழிப்புடன் இருக்கும் பிராணி. அது கத்தியதும் மனிதர் எழுந்து தீனி போட்டால், கத்தினால் தீனி வரும் என்று கற்றுக்கொள்கிறது. தீனி பெட்டியிலிருந்து வரும்போது, பூனை பெட்டியின் முன் காத்திருக்கிறதே தவிர, உறங்குபவரை எழுப்புவது குறைகிறது. ஆனால் மின்சாரம் போனால் மின்கலத்தில் இயங்கும் வசதி இருக்க வேண்டும். தீனி அடைத்துக்கொண்டால் பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். பெட்டியை நம்பி மூன்று நாள் வெளியூர் போவது ஆபத்து. பூனை சில நாள்கள் முற்றிலும் உண்ணாமல் இருந்தால், குறிப்பாகப் பருத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாவது, தானே சுத்தம் செய்துகொள்ளும் கழிவுப் பெட்டி. பூனை மணலைக் கிளறிக் கழித்துவிட்டு வெளியேறியதும் கருவி சுழன்று கட்டிகளைப் பிரித்துவிடும். வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு உதவிதான். எனினும், சுழலும் ஓசைக்கு அஞ்சும் பூனை பெட்டியைவிட்டுப் படுக்கையை நாடும். எடை குறைந்த குட்டிகளைக் கருவியின் உணரி கவனிக்காமல் போகவும் கூடும் என்பதால், குட்டிகள் இருக்கும் வீட்டில் அதைத் தானியங்கி நிலையில் வைப்பது சரியல்ல. கால்நடை மருத்துவர்கள் கூறும் பொதுவிதி எளிமையானது. வீட்டில் எத்தனை பூனைகளோ, அதைவிட ஒன்று கூடுதலாகக் கழிவுத் தட்டுகள் வேண்டும். அவை அமைதியான இடத்தில், தீனியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இதற்குப் பிளாஸ்டிக் தட்டும் மணலும் போதும்.

மூன்றாவது, சிவப்பு ஒளிப்புள்ளியைத் தரையில் ஓடவிடும் லேசர் விளையாட்டுக் கருவி. பூனை துரத்தும்; ஓடும்; களைக்கும். ஆனால் அதற்கு ஒருபோதும் இரை அகப்படாது. துரத்தல் முடிவில் பிடித்தலும் தின்னலும் இருப்பதுதான் வேட்டைப் பிராணியின் இயல்பு. முடிவே இல்லாத துரத்தல் சில பூனைகளை மேலும் பதற்றமாக்குகிறது. ஒளி கண்ணில் பட்டால் பார்வைக்கும் கேடு. கடைசியில் ஒரு பொம்மையையோ தீனித் துண்டையோ பிடிக்கவிட்டு விளையாட்டை முடிப்பதே முறை. குச்சியில் கட்டிய நூலும் இறகும் இதே வேலையைச் செய்யும். ஆனால், விளையாட்டு முடிந்ததும் நூலை எடுத்து வைத்துவிட வேண்டும். விழுங்கினால் குடலில் சிக்கும்.

கருவி மறைக்கும் நோய்

உண்மையில் கவலைக்குரியது வேறு. தொல்லை என்று வீட்டார் நினைப்பது பல வேளைகளில் நோயின் அறிகுறி. வழக்கமாகக் கழிவுத் தட்டைப் பயன்படுத்தி வந்த பூனை திடீரென்று தரையிலும் துணிமேலும் சிறுநீர் கழித்தால், அது அடம் அல்ல. சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருக்கலாம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அது அடைபட்டால் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய் முக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வரவே வராது. சிகிச்சை இல்லையேல் ஓரிரு நாள்களில் உயிர் போய்விடும். இந்த நிலையில் பூனையை அடிப்பதும், அறையில் பூட்டுவதும், வாசனைத் தெளிப்பான் வாங்கி மாட்டுவதும் மருத்துவருக்குப் போக வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகின்றன.

இங்கு ஒரு வகைக் கருவிக்கு மட்டும் நியாயம் உண்டு. பூனை ஒரு நாளில் எத்தனை முறை தட்டுக்குப் போனது, எடை எவ்வளவு என்று குறித்துக் கைப்பேசிக்கு அனுப்பும் பெட்டிகள் வந்துள்ளன. எண்ணிக்கை திடீரென்று கூடினால் எச்சரிக்கை. ஆனால், கழிவை அன்றாடம் தன் கையால் அள்ளுபவருக்கு இந்தத் தகவல் செலவின்றியே தெரியும். கருவி வந்தபின் யாரும் தட்டைப் பார்ப்பதில்லை என்றால், தகவல் இருந்தும் பயனில்லை.

சுவரில் பீய்ச்சுவது, இரவெல்லாம் அலறுவது, கதவு திறந்ததும் ஓடுவது ஆகியவற்றுக்கு மிகப் பெரும்பாலான காரணம் கருத்தடை செய்யப்படாமை. பூனை நான்கு முதல் ஆறு மாதங்களில் பருவமடைந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஓர் அறுவை சிகிச்சை தீர்க்கும் தொல்லைக்கு ஐந்து கருவிகள் வாங்கப்படுகின்றன என்பதே பல வீடுகளின் நிலை.

வீட்டு மருந்துப் பெட்டியும் ஆபத்து. மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே கொல்லக்கூடும். நாயின் உண்ணியைப் போக்கக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளில் இது அடிக்கடி மறக்கப்படுகிறது.

தண்டிக்கும் கருவிகள்

கழுத்துப்பட்டையில் மின்னதிர்வு தரும் கருவி, மனிதக் காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பும் கருவி, அருகே வந்தால் காற்றைப் பீய்ச்சும் குப்பி என்று இன்னொரு வரிசை உண்டு. மனிதர் கேட்கும் ஒலியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். பூனை 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். ஆகவே, வீட்டாருக்கு அமைதியாகத் தோன்றும் கருவி பூனைக்கு ஓயாத இரைச்சலாக இருக்கக்கூடும்.

மின்னதிர்வுப் பட்டையை நாய்க்கும் பூனைக்கும் பயன்படுத்துவதை பிரிட்டனின் வேல்ஸ் பகுதி 2010-இலேயே தடை செய்தது. வலிக்கும் தவறுக்கும் உள்ள தொடர்பைப் பூனை உணர்வதில்லை. வலித்த இடத்தையும் அருகில் நின்ற மனிதரையும்தான் நினைவில் வைக்கிறது. அஞ்சிய பூனை பதுங்கும், கடிக்கும், கழிவுத் தட்டை விடும். தீர்க்க வாங்கிய கருவி தொல்லையைப் பெருக்குகிறது.

பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் அலட்சியம் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி குறித்து மருத்துவரை அணுக வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் பரவுவதில்லை.

பால்கனி என்னும் பொறி

தலைநகர வட்டாரத்தின் உயர் கட்டடங்களில் பூனைக்கு உள்ள பெரிய ஆபத்து திறந்த பால்கனி. எங்கிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நியூயார்க்கில் ஐந்து மாதங்களில் மாடிகளிலிருந்து விழுந்து ஒரு கால்நடை மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பது அதன் முடிவு. விழுந்த இடத்திலேயே இறந்தவை மருத்துவமனைக்கு வந்திரா என்பதையும், பிழைத்தவற்றில் பலவற்றுக்கு நெஞ்சிலும் தாடையிலும் காலிலும் காயம் இருந்தது என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். புறாவுக்காக மாட்டும் வலையை இழுத்துக் கட்டினால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும். இடம் காட்டும் கழுத்துப்பட்டை, விழுந்த இடத்தைத்தான் சொல்லும், விழாமல் காக்காது.

நீதிமன்றம் சென்ற பூனைத் தீனி

பூனை வளர்ப்பவரின் உரிமை பற்றிய பேச்சும் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில், பொது முடக்கத்தின்போது, கொச்சியைச் சேர்ந்த ஒருவர் தன் மூன்று பூனைகளுக்கான தீனி வாங்க வெளியே செல்ல இணையவழியில் அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் சைவ உணவுக்காரர். வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதிகள் ஏ.கே. ஜெயசங்கரன் நம்பியார், ஷாஜி பி. சாலி ஆகியோர் அடங்கிய அமர்வு அவர் தீனி வாங்கச் செல்லலாம் என்று ஏப்ரல் 6-ஆம் தேதி அனுமதித்தது. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவையும், 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தையும், ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அமர்வு சுட்டியது.

ஜல்லிக்கட்டை அன்று தடுத்த தீர்ப்பு, பூனைக்குச் சோறு போட உதவியது என்பது தமிழக வாசகர்களுக்குச் சுவையான செய்தி. அதன்பின் 2023 மே மாதம், தமிழகத்தின் ஜல்லிக்கட்டுச் சட்டத்திருத்தத்தை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு செல்லும் என்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டென்று கூற முன்னுதாரணம் இல்லை என்றும் கூறியது. ஆகவே பூனைக்கு உள்ள பாதுகாப்பு, வளர்ப்பவரின் சுதந்திரத்திலிருந்தும் சாதாரணச் சட்டத்திலிருந்துமே வர வேண்டியுள்ளது.

சைவ வீடுகள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூனை இறைச்சியின்றி வாழ முடியாத உயிர். இறைச்சியில் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். பாலும் சோறும் போதும் என்ற மரபான நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

குடியிருப்போர் சங்கங்களின் தடையும் செல்லாது. பிராணி வளர்ப்பைச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல் அதே கருத்தில் தீர்ப்பளித்தது. உரிமை உண்டு என்பதால் அடுத்த வீட்டாருக்குத் தொல்லை தரும் உரிமையும் உண்டு என்று பொருளாகாது.

நொய்டாவின் செயலியும் நுண்சில்லும்

தலைநகர வட்டாரத்தில் பூனையை நிர்வாகக் கணக்கில் கொண்டுவர முன்வந்தது நொய்டா. நாய், பூனை இரண்டையும் கைப்பேசிச் செயலியில் 2023 ஜனவரி 31-க்குள் பதிவு செய்ய வேண்டும் என்று நொய்டா ஆணையம் 2022 நவம்பரில் முடிவெடுத்தது. தடுப்பூசியும் கருத்தடையும் கட்டாயம் என்றும், தவறினால் அபராதம் என்றும், வளர்ப்புப் பிராணி யாரையேனும் காயப்படுத்தினால் உரிமையாளர் 10,000 ரூபாய் அபராதமும் சிகிச்சைச் செலவும் ஏற்க வேண்டும் என்றும் விதித்தது.

அடுத்த கட்டம் நுண்சில்லு. அரிசி அளவிலான இது தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படுகிறது. அதில் மின்கலம் இல்லை, இடம் காட்டாது. படிப்பான் கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணை மட்டும் சொல்லும். இங்கிலாந்து 2024 ஜூன் 10-ஆம் தேதி முதல், 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைகள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. மீறினால் 500 பவுண்டு வரை அபராதம். குடியரசுத் தலைவர் மாளிகைப் பூனை உலகப் புகழ் பெற்ற மறுநாள் அது.

எண்ணை உரிமையாளரின் முகவரியோடு இணைக்கும் பொதுப் பதிவேடும், மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் படிப்பானும் இருந்தால்தான் நுண்சில்லுக்குப் பயன். நகரத்துக்கு ஒரு செயலி, மருத்துவமனைக்கு ஒரு பட்டியல் என்று இருந்தால், யமுனையைத் தாண்டிய பூனை முகவரி இழந்த பூனையாகிவிடும். அதே சில்லை வீதியில் பூனையைக் கைவிட்டவரைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம். ஆனால் கண்டுபிடித்தபின் என்ன தண்டனை என்பதுதான் கேள்வி.

50 ரூபாய்ச் சட்டம்

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் வரலாறு ஒரு தமிழ்ப் பெண்மணியோடு பிணைந்தது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததும் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் நீண்டகாலம் சென்னையில் இருந்தது. 2018-இல் ஹரியாணாவின் வல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஒரு கிலோ பூனைத் தீனியின் விலைகூட 50 ரூபாயைத் தாண்டிவிட்டது.

இந்தத் தொகையை உயர்த்தவும், கொடிய வதையைத் தனிக் குற்றமாக வரையறுக்கவும் 2022 நவம்பரில் மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை திருத்த மசோதா வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. கருத்துகள் வந்தன. வரைவு சட்டமாகவில்லை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, எந்த விலங்கையும் கொல்வதற்கும் நஞ்சிடுவதற்கும் முடமாக்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. விலங்கின் விலையைக் கொண்டு குற்றத்தை அளந்த பழைய தண்டனைச் சட்டத்தைவிட இது முன்னேற்றம். ஆனால் கைவிடப்பட்ட பூனையோ, மின்னதிர்வுப் பட்டை மாட்டிய பூனையோ கொல்லப்படவும் இல்லை, முடமாக்கப்படவும் இல்லை. அவற்றுக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டுமே கதி.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. அடுத்த கணக்கெடுப்பில் பூனைக்கு ஒரு வரி சேர்க்கலாம். மாநகராட்சிகள் வளர்ப்புப் பூனைகளுக்கும் குறைந்த கட்டணத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் அளிக்கலாம். வலி தரும் கருவிகளின் விற்பனைக்கு விதி வகுக்கலாம். நகரங்களின் பதிவேடுகளை இணைக்கலாம். கிடப்பில் உள்ள வரைவை அவைக்குக் கொண்டுவரலாம். இவற்றில் எதையும் எந்தக் கட்சியும் எதிர்த்ததாகத் தெரியவில்லை. எந்தக் கட்சியும் அவசரப்படவும் இல்லை.

எலிகள் கூடிப் பேசி, பூனைக்கு மணி கட்ட ஆளின்றிக் கலைந்த கதை எல்லோரும் அறிந்தது. இன்று பூனையின் கழுத்தில் கட்ட மணியும் பட்டையும் சில்லும் கடையில் கிடைக்கின்றன. சட்டத்தின் கழுத்தில் கட்ட வேண்டிய மணிக்குத்தான் இன்னும் ஆளைக் காணோம்.